எக்ஸிஇ ஓடாதது யார் குற்றம்?

தமிழக அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸைச் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது; டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை அதன்மீது சொல்லப்படும் புகார் இது: ‘விண்டோஸ் மென்பொருள் இதில் ஓடாது, ஆகவே இது அரைகுறை இயங்குதளம்.’

1. சாதாரண நிரல் எதுவும் வட்டை நேரடியாகத் தொடாது. ‘கோப்பைத் திற’, ‘நினைவகம் கொடு’ என்று இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கேட்கும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். எண்ணூர் விரைவுச் சாலையில் வரும் டிரெய்லர், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் அனுமதி வாங்காமல் கப்பலடிக்குப் போகுமா?

2. கேட்கும் முறை விண்டோஸில் வேறு, லினக்ஸில் வேறு. விண்டோஸ் நிரல் வரும் எக்ஸிஇ கோப்பின் வடிவம் பிஇ. லினக்ஸ் எதிர்பார்ப்பது இஎல்எஃப். பிராசஸர் ஒன்றாக இருந்தும் ஓடாததற்குக் காரணம் இதுவே. இதில் குறை எங்கே?

3. லினக்ஸுக்காகத் தொகுத்த நிரலும் துணை அடுக்கு இல்லாமல் விண்டோஸில் ஓடாது. அப்போது விண்டோஸும் அரைகுறையா?

4. ஓடவே ஓடாது என்பதும் பொய். 1993-ல் தொடங்கிய வைன், விண்டோஸ் நிரலின் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. பல நிரல்கள் ஓடுகின்றன, எல்லாம் அல்ல.

5. ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகின்றன. எப்படி? செய்தவர்கள் இரண்டுக்கும் தனித்தனியே தொகுத்தார்கள்.

‘எனக்கு வேண்டிய மென்பொருளை லினக்ஸுக்கு வெளியிடவில்லை’ என்று சொல்லுங்கள், நியாயம். அது விற்றவரின் முடிவு. அதைக் கர்னலின் தலையில் கட்டாதீர்கள்.