மதில் கட்டினவனுக்கு என்ன கூலி?

எதிர் வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடி நோட்டோடு வந்தான். கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்யப் போகிறானாம். அதற்கு ஒரு சாம்ராஜ்யம் தேவைப்பட்டதால் உட்கார்ந்து அவனே ஒன்றைப் படைத்துவிட்டான்.

பாலைவனம். திரும்பின பக்கமெல்லாம் மணல். நடுவில் கறுப்புக் கல்லில் ஒரு மகா கோயில். சூரியன்தான் கடவுள், கடவுள்தான் சக்கரவர்த்தி. அவர் பெயரைச் சொல்லி ஆள்வது பதிமூன்று தலைமைப் பூசாரிகள். எண்ணூறு வருஷ வரலாறு, ஏழு வம்சம், மூன்று மதப் போர். அமாவாசை இரவில் யாரும் வாய் திறந்து பேசக் கூடாது. கடவுளை நிந்தித்தால் நாக்கு போய்விடும். நாற்பது பக்கத்துக்கு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். படம்கூட வரைந்திருந்தான்.

எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கேட்டேன்.

“தம்பி, கோயிலைச் சுத்தி எழுபது அடி மதில்னு போட்டிருக்கியே, அதை யார் கட்டினது?”

“மூணாவது வம்சத்து ராஜா சார்.”

“அவரா கல் சுமந்தார்?”

“இல்ல சார், ஆளுங்க கட்டியிருப்பாங்க.”

“அவங்களுக்கு என்ன கூலி? பாலைவனத்துல அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணி எங்கேருந்து வந்துது?”

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “கேம்ல அதெல்லாம் யார் சார் பாக்கறாங்க? தண்ணி மேஜிக்ல வரும்.”

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, நம் மேல். நாம் சொல்லிக் கொடுத்த சரித்திரம்தானே அது? இன்னார் கட்டினார், இன்னார் வென்றார், இன்னார் வெட்டினார். ‘குளம் வெட்டினார்’ என்று படிக்கும்போது, ராஜா கோவணத்தோடு மண்வெட்டி பிடித்து நிற்கிற மாதிரி ஒரு தரமாவது நினைத்துச் சிரித்திருக்கிறோமா? இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். அவ்வளவுதான்.

இந்தப் பாலைவன மோகம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் ‘டியூன்’ என்று ஒரு நாவல் எழுதினார். 2021-லும் 2024-லும் அது இரண்டு பாகமாகப் படமாக வந்து நம்மூர் தியேட்டர்களிலும் ஓடியது. ஹெர்பர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பாலைவனத்தில் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. வியர்வையைக்கூட வீணாக்காமல் வடிகட்டித் திரும்பக் குடிக்க ஓர் உடுப்பு உண்டு. செத்தவர் உடம்பில் இருக்கிற நீர்கூடக் குலத்துக்குச் சொந்தம். அவரைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் மணலை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். தண்ணீர்க் கணக்கை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அதோடு இன்னொரு விஷமம். பாலைவனம் என்றாலே முக்காடு, வளைந்த வாள், ரத்தக் கண். மத ராஜ்யம் என்பது மணல் இருக்கிற ஊரில், வேறு யாருக்கோ, வேறு மதத்தில் மட்டும் வருகிற வியாதி என்பது போல. அப்படியா சமாசாரம்?

நிஜப் பாலைவனம், நிஜ மத ராஜ்யம் ஒன்றைப் பார்ப்போம். எகிப்து. அங்கே ராஜாவே பாதிக் கடவுள். தீப்ஸ் நகரில் ஆமூன் என்கிற தெய்வத்துக்குப் பெரிய கோயில். பிற்காலத்தில் தலைமைப் பூசாரிகள் கை ஓங்கி, ஆமூனே நேரடியாகத் தீர்ப்புச் சொல்கிற அளவுக்குப் போனது. எப்படித் தெரியுமா? சாமியைத் தோளில் தூக்கி வருவார்கள். கேள்வி கேட்பார்கள். சாமி முன்னால் நகர்ந்தால் ஆமாம், பின்னால் போனால் இல்லை. தூக்குகிறவர்கள் தோளில் யார் கை வைத்தார்கள் என்று நாம் கேட்கக் கூடாது.

மூன்றாம் ராம்சேஸ் என்கிற மன்னர் கோயில்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். அவர் காலத்துக் கொடைகளின் பட்டியலை அவர் மறைந்த பிறகு ஒரே பாப்பிரஸ் சுருளில் எழுதினார்கள். நீளம் நாற்பது மீட்டருக்கு மேல். இன்றைக்கும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தீப்ஸ் ஆமூனுக்கு மட்டும் 80,000-க்கு மேல் ஆட்கள். ஆடு மாடு, நிலம், தோட்டம், கப்பல் தனி.

அதே மன்னரின் ஆட்சியில்தான், 29-ம் ஆண்டில், இன்னொரு சங்கதி நடந்தது. தீப்ஸுக்கு மேற்கே, ஆற்றைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு கிராமம். இன்றைய பெயர் தேர் எல்-மதீனா. ராஜாக்களின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டுகிற தொழிலாளிகள் குடியிருந்த இடம். கிராமத்தில் தண்ணீர் கிடையாது, கழுதைகளில் ஏற்றிக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அதற்கென்றே ஆட்கள் உண்டு. கூலி மாதா மாதம் தானியமாக வரும். கோதுமையும் பார்லியும். கோதுமையில் ரொட்டி, பார்லியில் பீர்.

அந்த வருஷம் தானியம் வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒருநாள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டிப் போய், ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, ராஜாவுக்கு எழுதுங்கள் என்றார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். மூவாயிரத்து நூறு வருஷங்களுக்கும் முந்தையது. நமக்கு எப்படித் தெரியும்? அமென்நக்த் என்கிற கணக்கர் எழுதி வைத்தார். அந்தச் சுருள் இத்தாலியில் டூரின் மியூசியத்தில் இருக்கிறது.

சாமிக்குக் கொடுத்த பட்டியல் நாற்பது மீட்டர். கல் உடைத்தவனுக்கு அந்த மாசத் தானியம் இல்லை. ஒரு சாம்ராஜ்யத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சுருள் போதும். நாக்கறுக்கும் தண்டனையெல்லாம் வேண்டாம்.

அதே கிராமத்தில் அதற்கு முந்தைய காலத்து வருகைப் பதிவு ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஒரு கல் துண்டில் நாற்பது பேர் பெயர், யார் எந்த நாள் ஏன் வரவில்லை என்ற காரணத்தோடு. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் அம்மாவை அடக்கம் செய்யப் போனான். ஒருவன் பீர் காய்ச்சப் போனான். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிரமிடைப் பார்த்துக் கலங்காத கண்.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

திருவானைக்காவல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு. மணல் உண்டு, ஆற்று மணல். கருவறையிலேயே தண்ணீர் ஊறுகிற ஊர். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடைவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே ஜம்புகேஸ்வரருக்குப் பூஜை செய்யப் போவார். எந்த கேம் டிசைனரும் இப்படி ஒரு சடங்கைக் கற்பனை செய்துவிட முடியாது. பக்கத்திலேயே ஸ்ரீரங்கம், ஏழு திருச்சுற்று. பெருமாளுக்குப் பெயரே ரங்கராஜன். யாருக்கு என்ன கைங்கரியம், யாருக்கு என்ன மரியாதை என்று சொல்கிற ‘கோயிலொழுகு’ ஒரு ராஜ்யத்தின் நிர்வாகக் கையேடு மாதிரியே இருக்கும்.

சிவன் கோயில்களில் சண்டிகேஸ்வரர் முன்னால் நின்று கை தட்டுகிறோமே, எதற்கு? ‘நான் ஒன்றும் எடுத்துப் போகவில்லை ஐயா’ என்று காட்டத்தான் என்பார்கள் பெரியவர்கள். சோழர் காலத்தில் கோயில் நிலத்தை வாங்குவது விற்பதெல்லாம் அவர் பெயரில் நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கடவுள் ராஜ்யத்துக்கு ஆடிட்டர்! ஆக, நமக்கும் மத ராஜ்யம் புதுசு இல்லை.

எங்கள் கோயிலின் வெளி மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சிவபெருமான் சித்தராக வந்து, ஆட்களோடு ஆளாக நின்று கட்டினாராம். கூலியாகத் திருநீறு கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறியதாம்.

உடனே ‘ஐதீகத்தைக் கிண்டல் பண்ணாதே’ என்று போஸ்ட் கார்டு எடுக்காதீர்கள். கிண்டல் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. மதில் என்றால் கூலி உண்டு என்பது இந்தக் கதையைச் சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது. உழைப்புக்குத் தக்க கூலி என்பதும் தெரிந்திருக்கிறது. கடவுளே வந்தாலும் சாயங்காலம் கூலி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்கிறான். அந்த விதத்தில் எதிர் வீட்டுப் பையனைவிட, நம் பாடப் புத்தகங்களைவிட, அவன் எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது. பொன்னான கூலி சரி. பொன்னாகாத கூலியைப் பற்றி யார் எழுதினார்கள்? எங்களுக்கு ஓர் அமென்நக்த் இருந்தானா? மதிலோரம் டீக்கடையில் ஒரு கொத்தனாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்ல கதைதான் சார். ஆனா மளிகைக் கடைக்காரன் திருநீறு வாங்க மாட்டானே.”

கணக்கு எழுதத் தெரியாத ஜனங்களா நாம்? தஞ்சாவூர் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்லிலேயே எழுதி வைத்தான். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருவர் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். பாடுகிறவர், மத்தளம் கொட்டுகிறவர், விளக்கேற்றுகிறவர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், எல்லோருக்கும் பங்கு கணக்கு உண்டு. பெருந்தச்சன் பெயர்கூட உண்டு. அந்த மலையளவு கல்லை இழுத்து ஏற்றிய ஆயிரமாயிரம் பேருக்குத்தான் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. எழுதத் தெரியாமல் விட்டுப்போகவில்லை. எழுத வேண்டியதில்லை என்று விட்டது.

கடவுளே அரசன் என்று முறைப்படி அறிவித்த ராஜ்யத்தையும் பார்த்துவிடுங்கள். 1750-ல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தான் வெறும் ‘பத்மநாப தாசன்’ என்றார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. ராஜாவே தாசன் என்றால் ஏழைக்கு நல்ல காலம் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் ‘ஊழியம்’ என்று ஒன்று நடந்தது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் சுமை தூக்க வேண்டும், பொருள் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கூலி கிடையாது. ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்கள் தலைமேல் விழுந்த பாரம் அது. அய்யா வைகுண்டர் இதையெல்லாம் எதிர்த்துப் பேசினார். சிறையில் போட்டார்கள். அந்த மண்ணில் எல்லா சாதியாரும் கோயிலுக்குள் நுழையலாம் என்ற பிரகடனம் வந்ததே 1936-ல்தான்.

இதுதான் நான் சொல்ல வருவது. கடவுள் பெயரால் நடக்கிற ராஜ்யத்தில் கேள்வி கேட்பது கஷ்டம். முதலாளியிடம் கூலி பாக்கி கேட்டால் தகராறு. சாமியிடம் கேட்டால் பாவம். அதனால்தான் அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘என்ன சடங்கு, என்ன தண்டனை’ என்பதில்லை. ‘சுவர் கட்டினவனுக்கு என்ன கொடுத்தீர்கள்?’ பாலைவனமானாலும் சரி, காவிரித் தீவானாலும் சரி. நிஜமானாலும் சரி, கற்பனையானாலும் சரி. இதற்குப் பதில் இல்லாத சரித்திரம் வெறும் விளம்பரம்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. கும்பாபிஷேகம் 1987-ல், நம் கண் முன்னால் நடந்தது. முன்னின்று முடித்த ஜீயரைச் சொல்வார்கள். எந்த நிலைக்கு யார் உபயம் என்று சொல்வார்கள். சொல்லட்டும், நல்ல காரியம் செய்தவர்கள். சாரத்தில் தொங்கிக்கொண்டு பதின்மூன்றாம் நிலைக்குச் சுதை பூசியவர் பெயரை யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம். கோயில்களில் டியூப் லைட் போட்டவர் தன் பெயரை அந்த டியூப் மேலேயே பெயின்டில் எழுதி, வருகிற வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுகிறார். அதை மாட்டிய எலெக்ட்ரீஷியனுக்கு அன்றைய கூலி கிடைத்ததா என்பது அவருக்கும் ஜம்புகேஸ்வரருக்கும் மட்டுமே வெளிச்சம்.

ஒவ்வொரு திருப்பணிக் கல்வெட்டிலும் உபயதாரர் பட்டியலுக்குக் கீழே வேலை செய்தவர்கள் பெயரையும் நாலு வரி வெட்டினால் என்ன குறைந்துவிடும்? கல்லுக்கு இடமா இல்லை?

நேற்று பையன் மறுபடி வந்தான். முதல் பத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருந்தான். முதல் வரியே இதுதான்: ‘மதில் வேலை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு படி கம்பு, ஒரு தோல் பை தண்ணீர்.’

“பரவாயில்லையே தம்பி! ஒழுங்கா குடுக்கறாங்களா?”

“இல்ல சார். மூணு மாசம் பாக்கி. பூசாரிங்க எல்லாம் கோபுரத்துக்குத் தங்கத் தகடு போட்டுக்கிட்டு இருக்காங்க.”

“அப்புறம்?”

“அடுத்த சேப்டர்ல ஸ்டிரைக் சார்.”