மொட்டைமாடியில் பதினொரு புறா

எங்கள் திருவொற்றியூர் வீட்டில் நான் எழுதும் இடம் மொட்டைமாடி. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் தம்பியின் புறாக் கூண்டு. பதினொரு புறா. விடிந்ததும் கம்பும் சோளமும் இறைத்துவிட்டு அவன் ஒரு விசில் அடிப்பான். அத்தோடு என் முதல் பத்தி காலி. "புறாவுக்குப் பண்ற கவனிப்புல கால்வாசி எனக்குப் பண்ணக் கூடாதா?" என்பாள் அம்மா, கொடியில் காய்ந்த துணியில் படிந்த கரித்தூசியை உதறிக்கொண்டே.

சினிமாக்காரர்களுக்குப் புறா என்றால் பக்கத்திலேயே ஒரு ரவுடி வேண்டும். 2015இல் வந்த 'மாரி'யும் அப்படித்தான். சாதாப் புறா எத்தனை மணி நேரம் இறங்காமல் பறக்கிறது, கர்ணப் புறா எத்தனை கரணம் போடுகிறது என்று கழுத்து வலிக்க அண்ணாந்து எண்ணுகிறவனுக்கு வம்பு பண்ண நேரம் ஏது? கேரம் பலகைக்கும் இதே கெட்ட பெயர்தான். அமெரிக்காவில் 2024இல் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவரைப் போன்றவர்களை வைத்து ஒரு படம் எடுப்பதற்குள் கேரம் பலகையை நடுவில் போட்டு நாலு கொலைக் காட்சி எடுத்துவிடுவார்கள்.

நேற்று தம்பியின் கர்ணப் புறா ஒன்று திரும்பவில்லை. இருட்டினால் புறாவுக்கு வழி தெரியாது. தம்பி சோற்றைத் தொடவில்லை. எனக்கும் ஒரு வரி ஓடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை மாடியேறிப் பார்த்தது அம்மாதான்.