பாயில் படுத்திருப்பவரே முதல் சாட்சி

திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பத்து, உறங்கிக்கொண்டிருக்கும் தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்புவதற்கென்றே அமைந்தவை. அந்தப் பாசுரங்கள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில் பிள்ளைகளை எழுப்பத் தெரியாத வீடு இல்லை. ஆனால் அதே வீட்டாரிடம் மருத்துவமனையில், "உங்கள் குழந்தை எப்படி உறங்குகிறது?" என்று கேட்டால், "நன்றாகத் தூங்குவான்" என்ற இரண்டு சொற்களோடு விடை முடிந்துவிடுகிறது. வலிப்பு, பேச்சுத் தாமதம், ஆட்டிசம், கவனக்குறைவு என எந்தக் குறையோடு வந்தாலும் பகலைப் பற்றி நெடுநேரம் சொல்லும் பெற்றோர் இரவைப் பற்றிச் சொல்வதில்லை. பிழை அவர்களுடையது மட்டுமன்று. மருத்துவர்களாகிய நாங்களும் பல நேரங்களில் கேட்பதில்லை. புறநோயாளிப் பிரிவில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் முதலில் விடுபடுவது இரவுதான்.

இது சிறிய விடுபாடு அன்று. குழந்தைகளுக்கு வரும் வலிப்புகளில் சில, பகலில் தலைகாட்டுவதே அரிது. நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே தொடங்கும் ஒருவகை வலிப்பு, பிள்ளை கண்ணயர்ந்த சிறிது நேரத்திலோ விடியும் தறுவாயிலோ வரும். வாயின் ஒரு பக்கம் இழுக்கும், எச்சில் வழியும், பிள்ளைக்கு நினைவு இருக்கும், பேச வராது. இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடும். காலையில் தலையணை ஈரத்தைப் பார்த்து, பூச்சித் தொல்லை என்று கருதிவிடுவார்கள். நல்வாய்ப்பாக இந்த வகை, பதின்ம வயதின் நடுவே பெரும்பாலும் தானே நின்றுவிடுகிறது. இன்னொரு வகை வளரிளம் பருவத்தில் வருவது. எழுந்த சிறிது நேரத்தில் கைகள் திடீரென்று வெட்டும். காபி தம்ளர் நழுவி விழும். தேர்வுக்காக விழித்துப் படித்த இரவுக்கு மறுநாள் இது மிகும். "கவனமே இல்லை" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் இவர்களும் உண்டு.

கைக்குழந்தைகளிடம் வருவது இவற்றைவிடக் கவலைக்குரியது. 1841-இல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரின் மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் மகனுக்கு வந்த விநோதமான வலிப்பை விவரித்து 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். தலை கவிழ்ந்து, உடல் வணங்குவதுபோல் மடங்கி, மீண்டும் மீண்டும் வரும் அந்த வலிப்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. தம்மால் இயன்ற சிகிச்சை எதுவும் பலிக்காத நிலையில், பிற மருத்துவர்களின் உதவியை நாடி ஒரு தந்தை எழுதிய கடிதம் அது. இந்த வலிப்பு குழந்தை உறங்கி எழும் வேளையில் கொத்துக் கொத்தாக வருவது வழக்கம். திடுக்கிடுகிறது, வயிறு வலிக்கிறது என்று எண்ணி நாள்களைக் கடத்தினால் மூளை வளர்ச்சி அதற்கு விலை கொடுக்கிறது. சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பயன் மிகுதி.

கண்ணுக்கே தெரியாத நிலையும் ஒன்று உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை படிப்படியாகப் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் போகும். காது கேட்கவில்லையோ என்று ஐயுறுவார்கள். 1957-இல் லாண்டாவ், கிளெஃப்னர் என்னும் இருவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினர். 1971-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், ஆறு குழந்தைகளின் உறக்கத்தின்போது மூளை மின்பதிவை ஆராய்ந்தபோது, விழித்திருக்கையில் ஓரளவு அமைதியாக இருந்த மூளை, உறங்கியதும் ஏறத்தாழ இடைவிடாத மின்கொந்தளிப்பில் ஆழ்வதைக் கண்டனர். உடல் இழுக்காது, பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும். ஆனால் கற்றதை மூளை நிலைநிறுத்த வேண்டிய நேரம் களவு போகிறது. விழித்திருக்கும்போது மட்டும் எடுத்த இ.இ.ஜி. பதிவு இந்தக் களவைக் காட்டாமல் போகலாம்.

"முந்தைய இரவு பிள்ளையைக் குறைவாகத் தூங்க விடுங்கள்" என்று இ.இ.ஜி.க்கு முன் நாங்கள் சொல்வதன் காரணம் இதுதான். பிள்ளையை வதைக்கிறோம் என்று மனம் நோகும் தாய்மார்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. பரிசோதனைக் கூடத்தில் பிள்ளை தானாக உறங்கினால்தான் அந்தப் பதிவு பயன் தரும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் அழைத்து வாருங்கள். மருத்துவர் சொன்னாலன்றி வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் இரவில் நிகழும் எல்லாமே வலிப்பு என்று அஞ்சிவிடக் கூடாது. அலறி எழுந்து, அருகிலிருக்கும் தாயையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அயர்ந்து உறங்கி, காலையில் எதுவும் நினைவில்லாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். உறங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரும் இந்த இரவு அலறல் பெரும்பாலும் வயதோடு மறையும். வலிப்போ குறுகிய நேரமே நீடிக்கும். ஒவ்வொரு முறையும் அச்சாகப் பதித்தாற்போல் ஒரே மாதிரி வரும். ஒரே இரவில் பலமுறையும் வரலாம். வேறுபாட்டைச் சொல்வதில் கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி, என் நாற்பது கேள்விகளைவிடச் சிறந்தது. திருநீறு பூசுவதை நான் தடுப்பதில்லை. பூசுவதற்கு முன் ஒருவர் காணொளி எடுத்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வலிப்பென்றால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

படுக்கையில் கால்களை ஓயாமல் உதைத்துப் புரளும் பிள்ளையின் சிக்கல் சில வேளைகளில் மூளையில் தொடங்குவதில்லை, இரும்புச்சத்துக் குறைவில் தொடங்குகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே நம் பகுதியில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தூக்க மருந்து எழுதுவது தவறு என்பேன். குறட்டையும் அப்படித்தான். அமெரிக்காவில் உறக்கத்தில் மூச்சுத் தடைபட்ட 464 குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை பெற்றவர்களின் உறக்கமும் நடத்தையும் மேம்பட்டன. ஆயினும் கவனத்தை அளக்கும் தேர்வில் பெரிய வேறுபாடு இல்லை. அறுவையின்றிக் காத்திருந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏழு மாதத்தில் மூச்சுப் பதிவு சீரடைந்திருந்தது. அறுவை செய்தால் படிப்பு வந்துவிடும் என்று வாக்களிப்பவரிடமும், அறுவையே தேவையில்லை என்பவரிடமும் காட்டத் தக்க ஆய்வு இது.

இனி, இத்தனைக்கும் சாட்சி யார் என்ற கேள்விக்கு வருகிறேன். உறக்கத்தைப் பற்றிய நவீன ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே ஒரு குழந்தையும் அதன் தந்தையும் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தம் 8 வயது மகன் ஆர்மண்டின் கண்ணருகே மின்முனைகளை ஒட்டி இரவெல்லாம் பதிவு செய்தார். மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டு என்ற கண்டுபிடிப்பு 1953-இல் வெளிவந்தது. உறங்கும் பிள்ளையின் அருகில் விழித்திருந்த ஒருவர் இல்லையேல் அது நிகழ்ந்திராது.

நம் வீடுகளில் அந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். மேலைநாட்டுத் தூக்க ஆய்வுகளில் பெரும்பகுதி, தனியறையில் தனிக்கட்டிலில் படுக்கும் குழந்தைகளைப் பற்றியது. நம் பிள்ளைகள் தாயின் முந்தானையைப் பிடித்தபடியே ஒரே பாயில் உறங்குகிறார்கள். இதைப் பின்தங்கிய பழக்கம் என்று நாணும் இளம் பெற்றோரைப் பார்க்கிறேன். வலிப்புள்ள பிள்ளையைப் பொறுத்தவரை இது நமக்கு வாய்த்த காவல். ஸ்வீடன் நாடு முழுவதையும் உள்ளடக்கி 2020-இல் வெளியான ஆய்வொன்று, உடல் முழுதும் இழுக்கும் வலிப்பு உள்ளவர்களில் இரவில் ஒருவரோடு அறையைப் பகிர்ந்து உறங்குபவர்களுக்குத் திடீர் மரண அபாயம் மிகக் குறைவு என்று கண்டது. அத்தகைய மரணம் குழந்தைகளிடம் மிக அரிது. ஆயினும், பிள்ளை வளர்ந்துவிட்டான், தனியே படுக்கட்டும் என்று முடிவெடுக்குமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

ஆனால் நம் இரவுகளுக்கே உரிய கேள்விகள் இன்னும் கேட்கப்பட வேண்டியிருக்கிறது. இராஜபாளையம் நூற்பாலைகளில் மூன்று ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை பார்க்கும் தந்தை வீடு திரும்பும்போதெல்லாம் பிள்ளையின் தூக்கம் கலைகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் ஒலியோடு உறங்கிப் பழகிய குழந்தைகள் உண்டு. ஆடிப்பூரத் தேரோட்ட நாள்களில் வீடே உறங்குவதில்லை. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பது நன்கு அறியப்பட்டது. அப்படியெனில், ஷிப்டு மாறும் வாரத்தில் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு மிகுகிறதா? மாத்திரை நேரம் தவறுகிறதா? இதற்கு விடை சிகாகோவிலிருந்து வராது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளப் பெரிய கருவிகள் தேவையில்லை; நூறு வீடுகளில் நூறு குறிப்பேடுகள் போதும் தொடங்குவதற்கு.

"எங்கள் பிள்ளையைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?" என்று ஒரு தந்தை கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. வலிப்போடு வருபவர்களின் மூளை ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறு புள்ளியை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்றே கருதி நெடுநாள் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சாண்டி, இராஜசேகர் முதலிய அறுவை மருத்துவர்கள் அந்தத் திசுவை எடுத்து ஆராய்ந்து, பலரிடம் அது நாடாப்புழுவின் இளம்புழுப் பருவத்தால் வந்த கட்டியே என்று 1989-இல் அறிவித்தனர். தேவையற்ற மருந்திலிருந்து எத்தனையோ பேர் தப்பினர். முன்னம் சொன்ன உறக்க மின்கொந்தளிப்புக்கு எந்த மருந்து சிறந்தது என்று அறிய ஐரோப்பாவில் 2014 முதல் 2022 வரை நடத்திய ஆய்விலோ, பல நாடுகள் சேர்ந்தும் 45 குழந்தைகளே கிடைத்தனர். திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலே அது நின்றது. உறுதியான விடைக்கு மருத்துவ உலகம் இன்னும் காத்திருக்கிறது.

ஆகவே ஆய்வுக்கு அழைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இசையவும் வேண்டாம், எடுத்த எடுப்பில் மறுக்கவும் வேண்டாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். மருந்துச் சோதனை என்றால், 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண்ணைக் கேளுங்கள். எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு அது. தமிழில் எழுதிய படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஏழு வயது நிறைந்த பிள்ளையிடமும் அதற்குப் புரியும் மொழியில் சொல்லி இசைவு பெறச் சொல்கின்றன. இந்தக் கடைசி விதியைப் பெரியவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ இருப்பதிலேயே மதிப்புக்குரிய விதி அதுதான். தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு படுக்கப்போவது பிள்ளைதானே.

அதுவரை உங்களால் இயன்றது ஒன்று. பழைய பள்ளி நோட்டு ஒன்றில், படுத்த நேரம், எழுந்த நேரம், மாத்திரை கொடுத்த நேரம், இரவில் ஏதேனும் நிகழ்ந்தால் அதன் மணி, அன்று வீட்டில் யாருக்கு இரவு ஷிப்டு என்பது வரை, இரண்டு வாரம் எழுதுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கே சில செய்திகள் தெரியவரும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் திறந்து வையுங்கள்.