உயராத இருநூறு ரூபாய்

1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது, ஆதரவற்ற முதியவருக்கு மத்திய அரசு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 2006இல் அது 200 ரூபாய் ஆனது. மறு ஆண்டு திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரைச் சூட்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 65 வயதானோர் எல்லோருக்கும் விரிவாக்கினார்கள். 2011இல் வயது வரம்பு 60 ஆனது. 80 வயதைத் தொட்டவர்களுக்கு 500 ரூபாய் என்றார்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கோ அந்த 200 ரூபாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எந்த அரசும் இதைக் குறைக்கவில்லை. குறைப்பதாக அறிவித்திருந்தால் நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பு எழுந்திருக்கும், ஊர் ஊராக மறியல் நடந்திருக்கும். அந்தத் தொல்லை எதுவுமில்லாமல் விலைவாசி வேலையை முடித்துவிட்டது. 2007இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 80 ரூபாய். அன்று 200 ரூபாய் என்பது இரண்டரை நாள் கூலி. 2025-26இல் அதே வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். மத்திய அரசு ஒரு முதியவருக்கு மாதம் முழுவதற்கும் கொடுப்பது இன்று ஒரு நாள் கூலிகூட இல்லை.

சுமை மாநிலங்களின் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இலேயே மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய ஒன்று. ‘ஓஏபி’ என்றால் கிராமத்தில் தெரியாதவர் இல்லை. 2011இல் அது 1,000 ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2023இல், 1,200 ரூபாய். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். கணவரை இழந்து, ஓடியாடி வேலை செய்ய முடியாமல் போன ஒரு பாட்டிக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அரிசியும் பருப்பும் மருந்தும் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தன. அடுத்த உயர்வு எப்போது என்று அவரால் யாரைக் கேட்க முடியும்? தாசில்தாருக்கும் தெரியாது. எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

இப்படிச் சத்தமில்லாமல் தேய்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் 1909 ஜனவரி 1 அன்று, எழுபது வயதான ஏழைகள் அஞ்சலகங்களில் வாரம் ஐந்து ஷில்லிங் வாங்கத் தொடங்கினார்கள். 1970களில் பார்பரா காசில் அமைச்சராக இருந்தபோது, ஓய்வூதியம் விலைவாசியையோ சராசரி ஊதியத்தையோ, எது அதிகமாக ஏறுகிறதோ அதைப் பின்பற்ற வேண்டும் என்று சட்டமானது. 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு ஊதியத்தோடு இருந்த பிணைப்பை அறுத்து, விலைவாசியோடு மட்டும் நிறுத்திக்கொண்டது. அந்த வாரம் யாருடைய பணமும் குறையவில்லை. இருபது ஆண்டுகளில் அடிப்படை ஓய்வூதியம் சராசரி ஊதியத்தில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 2000இல் தொழிற்கட்சி அரசு வாரத்துக்கு வெறும் 75 பென்ஸ் ஏற்றியபோது, 89 வயது காசில் தன் சொந்தக் கட்சியின் மாநாட்டிலேயே எழுந்து நின்று பிணைப்பைத் திரும்பக் கேட்டார். மாநாடு தலைமைக்கு எதிராக வாக்களித்தது. பிணைப்பு மீண்டது 2011இல். காசில் 2002இலேயே இறந்துவிட்டார்.

பிரிட்டன் முதியவர்கள் விலைவாசியோடு மட்டும் கட்டியது போதாது என்று போராடினார்கள். நம் ஏழை முதியவர்களுக்கு அந்த விலைவாசிப் பிணைப்பே கிடையாது.

அதற்கு வழி தெரியாத நாடல்ல இது. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி உயர்கிறது. கொரோனா காலத்தில் மூன்று தவணைகளை நிறுத்தி மத்திய அரசு 34,402 கோடி ரூபாய் மிச்சம் பிடித்தது. அந்த நிலுவை இன்றுவரை வரவில்லை என்பது அவர்களுடைய நியாயமான குறை. 2018 நிதிச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியத்தைப் பணவீக்கக் குறியீட்டோடு கட்டியது. அதன்படி 2025 மார்ச்சில் முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக, 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு உயர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. தங்களுக்கு எது பாதுகாப்பு என்று சரியாகத் தெரிந்தவர்கள்தான் மற்றவர்களுக்கும் சட்டம் எழுதுகிறார்கள். தனியார் தொழிலாளர் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் 2014 செப்டம்பரிலிருந்து அசையவே இல்லை.

உரிமையாக வென்றதுகூடப் பத்திரமாக இருப்பதில்லை. 1982 டிசம்பர் 17 அன்று, நகாரா வழக்கில், ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல என்ற நிலையை உச்ச நீதிமன்றம் உறுதியாக எடுத்தது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியரைக் கூறுபோடக் கூடாது என்றது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2025 நிதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பகுதி, ஓய்வூதியரை வகைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1972 ஜூனிலிருந்தே செல்லும்படி எழுதிவிட்டது. சங்கமும் வழக்கறிஞரும் உள்ளவர்களின் நிலையே இது. ஓஏபி வாங்குபவருக்குச் சங்கம் ஏது?

பணம் எங்கே என்பார்கள். சமூக உதவித் திட்டம் முழுவதற்கும் 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டம் ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். மொத்தச் செலவில் நூறு ரூபாய்க்கு இருபது பைசாகூட வரவில்லை. இதைக் கொண்டுதான் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கும், அவர்களோடு விதவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசின் பங்கு போகிறது. தொகையை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது.

2007இல் இருந்த இரண்டரை நாள் கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தாலே மத்திய அரசின் பங்கு இன்று மாதம் 840 ரூபாய் ஆக வேண்டும். முதலில் அதைக் கொடுக்கட்டும். பிறகு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காக 2018இல் எழுதியதைப் போன்ற ஒரு பிரிவை இவர்களுக்கும் எழுதி, உறுப்பினர்களுக்கு இருப்பதுபோல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றில்லாமல் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று, யாரும் மனுப் போடாமலே தொகை உயரும்படி செய்யட்டும்.