நீளம் நெகட்டிவ் ஆகாது, கழித்தால் ஆகும்

ஐ.டி.யில் இருக்கும் என் மாணவச் செல்வங்களுக்கும் மருமகப் பிள்ளைகளுக்கும்!

சி மொழியில் பஃபர் நீளத்தை 'அன்சைன்டு' எண்ணாகத்தான் வைக்க வேண்டும், நீளம் நெகட்டிவ் ஆகாதே என்கிறீர்கள். நான் மறுக்கிறேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள தூரம் நெகட்டிவ் ஆகாது, சரி. ஆனால் நீளத்தை வைத்துக்கொண்டு நாம் கழித்தல் கணக்கு அல்லவா போடுகிறோம்? 8 பைட் மட்டுமே வந்த செய்தியில் 10 பைட் தலைப்பைக் கழித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை "கழிக்க முடியாது சார்" என்று உண்மையைச் சொல்லிவிடும். 32 பிட் அன்சைன்டு எண்ணோ கூச்சமில்லாமல் 4294967294 என்கிறது! "பூஜ்யத்தைவிடக் குறைவா?" என்று நீங்கள் எழுதும் சோதனை அங்கே ஒருநாளும் பலிக்காது.

சைன்டு எண்ணிலும் ஆபத்து உண்டு. மேல் எல்லையை மட்டும் சோதித்தால் −2 உள்ளே நுழைந்துவிடும். மெம்காப்பியிடம் போனதும் அதுவே பூதாகரமான எண்ணாகிவிடும். ஆனால் அதைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டாலே பிடித்துவிடலாம். யூனிக்ஸின் ரீட் கூடத் தவறு நேர்ந்தால் −1 என்றுதான் சொல்கிறது. அதனால்தான் அதன் விடை சைன்டு வகை.

பாதி எண்கள் வீணாகுமே என்பீர்கள். 64 பிட்டில் பாதியே நமக்குத் தாராளம்.

ஆகவே பிள்ளைகளே, சைன்டு வையுங்கள், இரு எல்லையும் சோதியுங்கள். தப்பைத் தப்பு என்று காட்டும் எண்தான் நல்ல எண். மாற்றுக் கருத்து இருந்தால் கணக்கோடு வாருங்கள்.