பெட்டியில் இருப்பதும் பாட்டிலுக்கு வருவதும்

பங்குனியில் புங்க மரம் பூ உதிர்க்க ஆரம்பித்தால் எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், இந்த வருஷம் தேன் எவ்வளவு வரும்? நமக்கு ரெண்டு கிலோ எழுதிக்கோங்க." மொட்டை மாடியில் இரண்டே பெட்டி வைத்திருக்கிறவனுக்கு இவ்வளவு கிராக்கி! சிலர் பணத்தையும் நீட்டிவிடுகிறார்கள். நான் வாங்குவதில்லை. தேனீ வளர்க்கும் யாருமே அறுவடைக்கு முன் காசு வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். எடை போட்டு ரிஜிஸ்டரில் ஏறாத சரக்கை இருப்பு என்று சொல்லிப் பழக்கமில்லை. தேன் விஷயத்தில் மட்டும் மெத்தப் படித்தவர்கள்கூட "பெட்டிக்கு இத்தனை கிலோ" என்று வாய்க்கணக்கு சொல்கிறார்கள்.

இந்த வாய்க்கணக்கு பெரும்பாலும் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருவது. அந்த ஊர்த் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ரப்பர் தோட்டம். இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டதும், மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்குப் பூவே தேவையில்லை. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து திருமழிசையில் வைத்தால் எப்படிப் பொருந்தும்? நமக்கு இருப்பது வேம்பு, புங்கம், புளி, முருங்கை, தென்னை. அவையும் வீட்டு மனைகளுக்கு நடுவே மிச்சம் இருப்பவை. (2020இல் கோயம்பேடு மார்க்கெட் சில மாதம் இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் பாதிச் சென்னைக்கு நம் ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. மனை விலையும் அப்புறம் சும்மா இருக்கவில்லை.)

போதாததற்கு நோய் வேறு. 1991-92இல் தாய்லாந்துப் பை நோய் தெற்கே லட்சக்கணக்கான பெட்டிகளைக் காலி செய்தது. மார்த்தாண்டத்துக்காரர்களே போன வருஷத்துக் கணக்கை நம்பி உட்கார முடியாது என்று அப்போது தெரிந்தது.

சரி, மதிப்பிடவே முடியாதா? முடியும். அதற்குக் கண் போதாது, தராசு வேண்டும். நான் வைத்திருப்பது நியூட்டன் பெட்டி. 1910களில் பாதிரியார் நியூட்டன் நம் ஊர் அடுக்குத் தேனீக்கென்றே அமைத்தது. கீழே புழு அறை, மேலே தேன் அறை, அறைக்கு ஏழு சட்டம். போன வருஷம் தேன் எடுத்த பிறகு, காலி அடைகளோடு மேல் அறையை எடை போட்டு நோட்டில் குறித்து வைத்தேன்: 2 கிலோ 200 கிராம். இந்த வருஷம் ஈக்களைத் தட்டிவிட்டு அதே அறையைத் தொங்கு தராசில் மாட்டினால் 3 கிலோ 900. வித்தியாசம் 1 கிலோ 700.

அத்தனையும் பாட்டிலுக்கு வராது. முக்கால் பங்காவது மெழுகு மூடி போட்ட சட்டத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். மூடாத கண்ணில் இருப்பது இன்னும் தேன் ஆகவில்லை, தண்ணீர் அதிகம். தேனில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. அடுக்குத் தேனீயின் தேன் முற்றினாலும் அந்தக் கோட்டை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கும். முற்றாததைப் பிழிந்தால் பாட்டிலுக்குள் நுரைத்துப் புளித்துப் போகும். ஆக, மூடாத சட்டங்கள் இரண்டைத் திரும்ப வைத்து, வடிகட்டியில் நின்றது, பாத்திரத்தில் ஒட்டியது, மேலே மிதந்த மெழுகு நுரை எல்லாம் கழித்தால் கைக்கு 1 கிலோ 200 வந்தால் சந்தோஷம்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு குழப்பம். ஒரு கிலோ தேன் ஒரு லிட்டர் அல்ல. தேன் தண்ணீரைவிடக் கனம். ஒரு லிட்டர் ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். கால் கிலோ தேன் 180 மில்லிக்குள் அடங்கிவிடும். தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து "ஒரு கிலோ ஊத்துங்க" என்பவர் அதன் கழுத்து வரை எதிர்பார்க்கிறார். முக்கால் பாட்டில்கூட வராததைப் பார்த்ததும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். அளவு குறையவில்லை ஐயா, சொல்லப்போனால் அந்த லிட்டர் பாட்டிலை ரொப்பினால் நஷ்டம் எனக்குத்தான்.

ஆக என் கையில் கால் கிலோ பாட்டில் நாலு, அடுத்த பெட்டியிலிருந்து இன்னும் இரண்டோ மூன்றோ. கேட்டவர்கள் பதினோரு பேர். இதற்கு முன்பணமும் வாங்கியிருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூடாத சட்டத்தையும் சுற்றச் சொல்லும் கை. அதுவும் போதாவிட்டால் புழு அறையின் ஓரத்தில் ஈக்கள் தங்களுக்கென்று வைத்திருப்பதில் கத்தி போகும். அதற்கும் மேலே போகிறவர்கள் தேன் வரத்து நாளில் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். ஈ அதையும் அடையில்தான் சேர்க்கும். எடை ஏறும், பாட்டிலும் ரொம்பும், ஆனால் உள்ளே இருப்பது தேன் இல்லை. பேரனுக்கு மருந்தில் குழைத்துக் கொடுக்கவென்று வாங்கிப் போகிறவர்களுக்கு அதைக் கொடுப்பதைக் கலப்படம் என்றுதான் சொல்வேன். கம்பெனி செய்தால் ஒரு பெயர், பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் இன்னொரு பெயரா?

ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே போக முடியாமல் ஈக்கள் அடைந்து கிடக்கும்போது அந்த ஓரத்துத் தேன்தான் அவற்றின் சாப்பாடு. அதையும் வழித்துவிட்டால் அடுக்குத் தேனீ இத்தாலியத் தேனீ மாதிரிப் பொறுத்துக்கொண்டு இருக்காது. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் அடை மட்டும் இருக்கும்.

பதினோரு பேர் பெயரையும் நோட்டில் வரிசையாக எழுதியிருக்கிறேன். பெயருக்கு நேரே கிலோ எழுதவில்லை. வடிகட்டி, இரண்டு நாள் தெளிய வைத்து, எடை போட்ட பிறகு மேலிருந்து கீழே போன் செய்வேன். கிடைக்காதவர்கள் அடுத்த வருஷம் முதலில்.