பேசிப் பார்க்காத பெட்டிகள்

2021 அக்டோபர் 10 அன்று மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் ஒரு செல்போன் அழைப்பு செய்தார். நாட்டில் தினமும் கோடிக்கணக்கில் நடக்கிற காரியம்தான். ஆனால் அந்தக் குரல் போன பாதை புதிது. இந்தியாவில் வடிவமைத்து இந்தியாவில் செய்த பி.எஸ்.என்.எல். 4ஜி நெட்வொர்க்கில் அது முதல் அழைப்பு என்று அமைச்சரே அறிவித்தார்.

அதே நெட்வொர்க்கை பிரதமர் மோடி ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தது 2025 செப்டம்பர் 27 அன்று. சுமார் 97,500 டவர்கள், ரூ. 37,000 கோடி செலவு என்றது அரசு. டென்மார்க், ஸ்வீடன், தென்கொரியா, சீனா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் சொந்தமாகத் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் வரிசையில் சேர்ந்துவிட்டது என்ற பெருமையும் அன்று பேசப்பட்டது. பெருமை நியாயமானதே. ஆனால் முதல் அழைப்புக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு பகுதியை விழுங்கியது விழா மேடைகளில் யாரும் பேசாத சமாச்சாரம். வெவ்வேறு கம்பெனிகள் செய்த பெட்டிகள் ஒன்றோடு ஒன்று ஒழுங்காகப் பேசுமா என்பதுதான் அது.

செல்போன் நெட்வொர்க் என்பது ஒரே இயந்திரம் அல்ல. டவரில் ரேடியோ கருவி. தூரத்தில் எங்கோ ஒரு கட்டடத்தில் மையக் கருவி. 'கோர்' என்று இதைச் சொல்வார்கள். அழைப்பவர் சந்தாதாரர்தானா, அவரிடம் பணம் இருக்கிறதா, யாரோடு இணைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. பி.எஸ்.என்.எல். விஷயத்தில் ரேடியோவைச் செய்தது பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸ். கோர் சாப்ட்வேர் எழுதியது மத்திய அரசின் சி-டாட். இரண்டையும் இணைத்து ஓட வைக்கும் பொறுப்பு டி.சி.எஸ்.ஸுக்கு. இவற்றுக்குள் சம்பந்தம் பேசி முடித்தாலும் வேலை தீராது. பி.எஸ்.என்.எல்.லிடம் ஏற்கெனவே நோக்கியா, இசட்.டி.இ. போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் 2ஜி, 3ஜி கருவிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. புதுப் பெட்டி அவற்றோடும் பேச வேண்டும்.

ஏன் பேசாது? உலகம் முழுவதற்கும் பொதுவான விதிகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. 3ஜி.பி.பி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பு ஆயிரக்கணக்கான பக்கங்களில் விதிகளை எழுதி வைத்திருக்கிறது. சிக்கல் அந்தப் பக்கங்களிலேயே இருக்கிறது. சில இடங்களில் 'செய்ய வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. சில இடங்களில் 'செய்யலாம்'. ஒரு கம்பெனி அந்த 'செய்யலாம்' என்பதைச் செய்திருக்கும், இன்னொன்று விட்டிருக்கும். பதில் வராவிட்டால் எத்தனை வினாடி காத்திருப்பது என்பதில் ஒருவருக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு வேறு கணக்கு. இரண்டு பேரும் விதிப்படியே நடக்கிறார்கள். இருந்தும் அழைப்பு பாதியில் அறுந்துபோகிறது. ஒரே சட்டப் புத்தகத்தைப் படித்த இரண்டு வக்கீல்கள் எதிரெதிராக வாதாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இராது.

ஒரு சின்ன உதாரணம். 4ஜி நெட்வொர்க்கில் குரலும் டேட்டாவாகவே போகிறது. ஆனால் எல்லா செல்போனிலும் எல்லா நெட்வொர்க்குக்கும் அந்த வசதி இயங்கிவிடாது. போன் தயாரிப்பாளர் அந்தந்த நெட்வொர்க்குக்கு ஏற்ற அமைப்பை போனுக்குள் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு வரும்போது போன் 4ஜியிலிருந்து இறங்கி பழைய 2ஜிக்குப் போய்த்தான் மணி அடிக்கும். அப்படி இறங்குவதற்கு சி-டாட்டின் புதிய கோர், வெளிநாட்டுக் கம்பெனியின் பழைய ஸ்விட்ச்சோடு ஓரிரு வினாடிகளுக்குள் பேசி முடிக்க வேண்டும். பழைய கம்பெனிக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை; தன் இடத்தைப் பிடிக்க வரும் போட்டியாளனுக்கு வழி விடுகிற வேலை. இத்தனையும் சரியாக நடந்தால் சந்தாதாரருக்கு எதுவும் தெரியாது. தவறினால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரல் கேட்கும். அவர் திட்டுவது பி.எஸ்.என்.எல்.லை.

மேலைநாட்டுக் கம்பெனிகள் இந்தத் தலைவலிக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தன. போட்டியாளர்கள் எல்லாரும் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்கு வருவது. சில நாட்கள், சில வாரங்கள் கூட உட்கார்ந்து, ஒவ்வொருவரின் பெட்டியையும் மற்ற ஒவ்வொருவரின் பெட்டியோடும் இணைத்துப் பார்ப்பது. ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்பான எட்சி இதற்கு 'பிளக்டெஸ்ட்' என்று பெயரே வைத்திருக்கிறது. 1998-ல் தொடங்கிய மல்டிசர்வீஸ் ஃபோரம் என்ற தொழில் கூட்டமைப்பு 2010-லும் 2011-லும் ஜெர்மனியின் டியுசல்டார்ஃபில் வோடஃபோன் கூடத்திலும், பெய்ஜிங்கில் சைனா மொபைல் கூடத்திலும் 4ஜி கருவிகளை இப்படி மோத விட்டது. 4ஜியில் குரலை எப்படி அனுப்புவது என்று தொழில்துறை தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது. தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் 4ஜி வழிக் குரல் சேவை விற்பனைக்கு வந்தது 2012 ஆகஸ்ட்டில்தான். முதலில் பரிசோதனை, பிறகு வியாபாரம்.

2018-ல் இந்தப் பழக்கம் இன்னும் தீவிரமானது. ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச் டெலிகாம், என்.டி.டி. டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்து சேவை நிறுவனங்கள் சேர்ந்து ஓ-ரான் கூட்டணியை ஆரம்பித்தன. அவர்கள் கோரிக்கை எளியது. டவர் உச்சியில் இருக்கும் ரேடியோவை ஒரு கம்பெனியிடமும், அதை இயக்கும் கீழ்க் கருவியை வேறொரு கம்பெனியிடமும் வாங்க முடிய வேண்டும். அதுவரை இரண்டுக்கும் இடையில் இருந்த இணைப்பு பெயருக்குத்தான் பொதுவானது. நடைமுறையில் ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தன் சொந்தப் பாஷையை வைத்திருந்தது. ஒருவரிடம் வாங்கினால் கடைசி வரை அவரிடமே வாங்க வேண்டியதுதான். ஓ-ரான் 2019-லிருந்து உலகின் பல இடங்களில் பரிசோதனைக் கூட்டங்கள் நடத்துகிறது. தொடக்க ஆண்டுகளிலேயே இந்தியாவில் அதற்கு இடம் கொடுத்தது ஏர்டெல்.

இந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். எத்தனை சோதனை நடந்தது, எத்தனை சதவீதம் தேறியது என்று மொத்தக் கணக்குதான் வெளியே வரும். யார் பெட்டி யார் பெட்டியோடு மக்கர் செய்தது என்பது வராது. இதில் நியாயம் இருக்கிறது. தோல்வி மறுநாள் பத்திரிகையில் வரும் என்றால் எந்தக் கம்பெனி அரைவேக்காட்டுப் பெட்டியைக் கொண்டுவரும்? எல்லாரும் தேறுவது நிச்சயமான பெட்டியைத்தான் எடுத்து வருவார்கள். கூட்டம் கண்காட்சி ஆகிவிடும். ஆனால் வரிப்பணத்தில் கருவி வாங்கும் அரசு நிறுவனத்துக்கு இந்த மௌனத்தால் பயனில்லை. அது தானே உள்ளே உட்கார வேண்டும்.

இந்தியாவில் தனியார் துறை இந்த வேதனையைத் தன் பாணியில் தவிர்த்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதன் 4ஜி ரேடியோ முழுக்க சாம்சங். பழைய 2ஜியும் இல்லை. பேசிப் பார்க்க வேண்டிய பெட்டிகள் குறைவு. பணமும் அவசரமும் இருக்கிறவர்களுக்கு அது சரியான முடிவு. அதே ஜியோ 5ஜிக்கு வந்தபோது எரிக்சன், நோக்கியா ரேடியோக்களைச் சொந்த கோருடன் இணைத்தது. அதற்குள் அதனிடம் பரிசோதித்துப் பார்க்க ஆளும் கூடமும் இருந்தன.

பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த வசதி இல்லை. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மறுவாழ்வுத் திட்டத்தோடு 4ஜி அலைவரிசையையும் கொடுத்தது. 2020-ல் விட்ட டெண்டர், சீனாவோடு எல்லை மோதல் நடந்த அந்தக் கோடையில் ரத்தானது. 2021 ஜனவரியில் இந்தியக் கம்பெனிகளை அழைத்து, உங்கள் கருவியை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். சண்டிகரிலும் அம்பாலாவிலும் பரிசோதனை நடந்தது. ஒரு லட்சம் டவர்களுக்கான, ரூ. 15,000 கோடியைத் தாண்டிய ஆர்டர் டி.சி.எஸ். தலைமையிலான கூட்டணிக்குக் கிடைத்தது 2023-ல். தாமதம் முழுவதையும் பரிசோதனையின் தலையில் கட்டுவது தவறு. டெண்டர் ரத்து, விலை பேரம், கோப்பு நகர்ந்த வேகம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ரேடியோவும் கோரும் பில்லிங்கும் பழைய 2ஜியும் ஒன்று சேர்ந்து பழகியது ஆர்டர் வாங்குகிற பந்தயத்தின் நடுவில்தான். முன்பே பழகிப் பார்க்க ஒரு பொது இடம் நாட்டில் இல்லை.

அதன் விலையை 2024-ல் பார்க்க முடிந்தது. ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின. லட்சக்கணக்கானவர்கள் பி.எஸ்.என்.எல். பக்கம் வந்தார்கள். பல ஆண்டுகளாகச் சந்தாதாரரை இழந்துகொண்டே இருந்த நிறுவனத்துக்குத் தானாகக் கிடைத்த வாய்ப்பு. புதிய 4ஜி அப்போது பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தது. மூன்று மாதம் ஏறிய எண்ணிக்கை ஆண்டு முடிவதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது.

பொது இடம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018-ல் ஒப்புதல் பெற்ற 5ஜி பரிசோதனை அமைப்பு, சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து சுமார் ரூ. 220 கோடியில் கட்டியது. பிரதமர் 2022 மே 17-ல் திறந்து வைத்தார். அதற்கு முன்பு சிறு கம்பெனிகள் 5ஜி கருவியைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டியிருந்தது. கட்டாயப் பரிசோதனை முறையும் 2019-லிருந்து கட்டம் கட்டமாக அமலில் இருக்கிறது. டெல்லியின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் அதை நடத்துகிறது. ஆனால் அது ஒவ்வொரு பெட்டியையும் தனியாக நிறுத்தித் தேர்வு வைக்கிறது. பெட்டி பாதுகாப்பானதா, விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கிறது. ஜாதகம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் தருவது ஒன்று. குடித்தனம் நடக்குமா என்பது வேறு.

ஐ.ஐ.டி. கூடமும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்கள், புதிய கம்பெனிகளின் இடம். பழைய வெளிநாட்டுக் கருவியையும் புதிய உள்நாட்டுக் கருவியையும் ஒரே மேஜையில் வைத்து, சேவை நிறுவனத்தின் இன்ஜினியர் நடுவில் உட்கார்ந்து, யார் மேல் தப்பு என்று பதிவுகளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிற வேலைக்கு அது உருவாக்கப்படவில்லை. அந்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்? இன்றைக்கு டவர்களை நிறுத்திய பிறகு, சந்தாதாரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது நடக்கிறது.

இணைந்து போவதா தனி வழியா என்ற கேள்வியை இந்தியா ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்ததுண்டு. கிராமங்களுக்காக, டவர்களுக்கு நடுவே 6 கிலோமீட்டர் இடைவெளி இருந்தாலும் எட்டுகிற 5ஜி வேண்டும் என்று இந்தியத் தரநிர்ணய அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ. கேட்டது. அதற்காக '5ஜிஐ' என்று தனித் தரத்தையே உருவாக்கியது. 2021-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் அதை அங்கீகரித்தது. வெற்றிதான். ஆனால் இந்தியாவுக்கு மட்டும் தனி சிப், தனி போன், தனிப் பரிசோதனை என்றால் விலை எங்கே போகும் என்று சேவை நிறுவனங்களும் கருவி செய்கிறவர்களும் பயந்தார்கள். பயம் வெறும் சாக்கு அல்ல. கடைசியில் சமரசம் ஏற்பட்டு, இந்திய அம்சங்கள் 3ஜி.பி.பி.யின் 17-வது பதிப்பில் சேர்க்கப்பட்டன. தனிக்கொடி போனது, கேட்ட தொழில்நுட்பம் உலக விதிக்குள் நுழைந்தது. மோசமான பேரம் இல்லை.

1980-களில் சி-டாட் தன் கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தபோதும் இதே பாடம் இருந்தது. 1984-ல் பிறந்த அந்த நிறுவனம், 128 இணைப்புப் பெட்டியைத் தூசியும் வெயிலும் தாங்கும்படி மட்டும் செய்துவிட்டு நிற்கவில்லை. பக்கத்து ஊரில் கடகடவென்று சத்தம் போடும் பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சோடும் அது பேச வேண்டும் என்று திட்டமிட்டது. பேசியது, அதனால்தான் பரவியது.

இப்போது அடுத்த சுற்று வருகிறது. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி கருவிகளை சாப்ட்வேர் மாற்றத்தாலேயே 5ஜிக்கு உயர்த்தலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. சாப்ட்வேர் மாறினால் பழைய பரிசோதனை செல்லாது. ரேடியோவின் புதிய பதிப்பு கோரின் புதிய பதிப்போடும், போன்களின் புதிய பதிப்போடும், இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் 2ஜியோடும் மறுபடி முதலிலிருந்து பேசிப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய ஒரு கூடமும், ஒரு நடுவரும், டெண்டரில் அதற்கென்று ஒரு தொகையும் இந்த முறை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று சஞ்சார் பவனில் யாராவது கேட்க வேண்டும்.